மொட்டை மாடிப் படம் எங்கே? தளம் போட்ட வீட்டுக்கு பிளான் போட்டவர்கள் சொன்னவை

ஒத்தக்கடைக்காரன், மதுரை

வீடு கட்டப் போகிறேன், பிளான் எப்படி இருக்கிறது பாருங்கள் என்று யாராவது வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் நான் முதலில் கேட்பது "மொட்டை மாடிப் படம் எங்கே?" என்றுதான். முக்கால்வாசிப் பேரிடம் இருக்காது. ஹால் இவ்வளவு, பெட்ரூம் இவ்வளவு, பூஜை அறை இங்கே என்று கீழ்த்தளத்தை அங்குலம் அங்குலமாகப் பேசி முடித்திருப்பார்கள், மேலே ஒரு கட்டம் போட்டு "ஓப்பன் டெரஸ்" என்று எழுதி விட்டிருப்பார்கள். ஓட்டு வீடு என்றால் மழைத் தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்து போய்விடும். தளம் போட்ட வீட்டில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும், டேங்க் எங்கே உட்கார வேண்டும், படி எங்கே மேலே வந்து முடிய வேண்டும், இவ்வளவும் முடிவானால்தான் கீழே பாத்ரூம் எங்கே என்றே சொல்ல முடியும். இது என் கருத்து, திட்டுகிறவர்கள் திட்டலாம்.

எங்கள் மனை 30க்கு 40, இரண்டே முக்கால் சென்ட். சுற்றி விட வேண்டிய இடத்தை விட்டதும் கட்டிடம் 24க்கு 32தான் வந்தது. கீழே இரண்டு பெட்ரூம், பிற்பாடு மாடி எடுக்கிற எண்ணம். இந்த அளவு வீட்டில் படிக்கட்டு எவ்வளவு இடத்தை விழுங்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தளத்துக்குத் தளம் 10 அடி, ஒரு படி 6 அங்குலம் என்றால் 20 படி. நடுவில் திரும்பி ஏறுகிற மாதிரி 3 அடி அகலத்தில் போட்டால் ஆறரை அடிக்குப் பத்தரை அடி போய்விடும், அது ஒரு சின்ன பெட்ரூம்! படியை 7 அங்குலமாக உயர்த்தினால் இடம் மிச்சமாகும், வயசானவர்களுக்கு முட்டி போகும்.

இன்ஜினியர் முதலில் கொடுத்த படத்தில் படி வடகிழக்கில் இருந்தது. அம்மா பார்த்ததுமே "ஈசானி மூலையில யாராவது பாரம் ஏத்துவாங்களா" என்று மடக்கிவிட்டார். எனக்கு வாஸ்துவில் அவ்வளவு பிடிப்பு கிடையாது, ஆனால் மாடியை வரைந்து பார்த்தால் அம்மா சொன்னது வேறு காரணத்துக்காகச் சரியாக வந்தது. படி முடிகிற இடத்தில் ஹெட்ரூம் (மாடியில் படியை மூடி நிற்கிற சின்ன அறை) வரும், அதன் தலையில்தான் டேங்க். 1000 லிட்டர் டேங்க் நிரம்பினால் ஒரு டன் எடை, அதை வெறும் ஸ்லாப் நடுவில் கொண்டுபோய் வைக்க முடியாது, அடியில் பில்லரும் பீமும் வேண்டும். எங்கள் பாத்ரூம் இரண்டும் மேற்குப் பக்கம். டேங்க் வடகிழக்கில் இருந்தால் குழாய் மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெயிலில் கிடக்கும், சித்திரை மத்தியானம் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான். படியைத் தெற்குச் சுவரோரம், கன்னி மூலை (தென்மேற்கு) பெட்ரூமை ஒட்டி நகர்த்தினோம். டேங்க் பாத்ரூம் பக்கம் வந்தது, அம்மாவுக்கும் திருப்தி.

அப்புறம் வாட்டம். 100க்கு 1 என்று வைத்தாலும் 32 அடி நீளத்துக்குக் கிட்டத்தட்ட 4 அங்குலம் சரிவு வேண்டும். ஒரே மூலையில் குழாய் வைத்தால் எதிர்க் கோடியில் சுருக்கி, அதாவது ஸ்லாப் மேலே வாட்டத்துக்காகப் போடுகிற செங்கல் ஜல்லி, சுண்ணாம்புப் பூச்சு, அந்த 4 அங்குலமும் கூடுதலாக ஏறும், அவ்வளவும் ஸ்லாப் தலையில் சுமை. நடுவில் மேடு வைத்து இரண்டு பக்கமும் பிரித்து விட்டால் பாதியாகிவிடும். நாங்கள் அப்படித்தான் 4 அங்குலக் குழாய் இரண்டு போட்டோம், ஒன்றில் வேப்பிலை அடைத்தாலும் இன்னொன்று ஓடும். இந்தக் குழாய்கள் எந்தச் சுவரில் இறங்குகின்றனவோ அங்கே ஜன்னல் வைக்க முடியாது, கீழே மழைநீர்த் தொட்டியும் பக்கத்தில் இருக்க வேண்டும். 770 சதுர அடி மாடிக்கு 50 மி.மீ. மழை பெய்தால் மூவாயிரத்து ஐந்நூறு லிட்டர் இறங்கும், விளையாட்டு இல்லை. 2003லேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டிடத்துக்கும் கட்டாயமாகிவிட்டது, இன்னமும் பல பிளான்களில் அது மூலையில் ஒரு வட்டமாக மட்டும்தான் இருக்கிறது.

முடிச்சூர் மனிதன்

ஒத்தக்கடை அண்ணன் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், எங்கள் பக்கம் மட்டும் தரையிலிருந்தும் ஒரு கணக்கு ஆரம்பிக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் இங்கே யார் கட்டினாலும் பேஸ்மட்டம் 3 அடி, 4 அடி என்று தூக்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் 3 அடி ஏற 6 படி, ஒரு அடி கால் வைக்க இடம் விட்டால் வாசலுக்கு முன்னால் 5 அடி காலி, அந்த 5 அடி எங்கிருந்து வரும்? பிளானில் போர்டிகோ என்று அழகாகக் கார் படம் போட்டிருப்பார்கள், படியைச் சேர்த்து வரைந்தால் காரின் மூக்கு தெருவில் நிற்கும். எங்களுக்குக் கார் நிறுத்தும் இடத்தைத் தாழ்வாகவே விட்டு, படியைப் பக்கவாட்டில் திருப்பி சிட் அவுட்டுக்கு ஏற்றினார்கள்.

இன்னொரு விஷயம், இப்போதைய எலிவேஷன் (முகப்புத் தோற்றம்) மோகம். பெட்டி பெட்டியாக, முகப்பில் ஒரு கோடு கூட வெளியே நீட்டாமல் வழவழவென்று இருக்க வேண்டுமாம், சன்ஷேட் பழைய ஃபேஷனாம். என் சித்தப்பா வீட்டுக்கு 3டி படம் போட்ட பையன் கிழக்குப் பக்க சன்ஷேட்டை எல்லாம் எடுத்துவிட்டான், படத்தில் பார்க்க வெளிநாட்டு வீடு மாதிரியே இருந்தது. நம் ஊரில் கனமழை ஐப்பசி கார்த்திகையில், வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் காற்றோடு சாய்ந்து அடிக்கும். முதல் மழைக்கே ஜன்னல் சட்டத்தின் அடி ஓரமாகத் தண்ணீர் கசிந்து சோபா வரைக்கும் வந்துவிட்டது, மழை நாளில் ஜன்னலைத் திறக்கவும் வழியில்லை. இப்போது தகரத்தில் ஒட்டு சன்ஷேட் போட்டிருக்கிறார்கள், அந்த மாடர்ன் முகப்பு போயே போச்சு. மேல் ஸ்லாப்பையே 2 அடி வெளியே நீட்டினாலும் பெட்டி மாதிரித்தான் தெரியும், ஜன்னலும் நனையாது. எலிவேஷன் போடுகிறவரைக் கடைசியில் கூப்பிடாமல் பிளான் போடும்போதே உட்கார வையுங்கள்.

கரூர் மருமகள்

எல்லாரும் படி, தண்ணீர் என்றே பேசுகிறீர்கள், மாடிக்கு யார் அதிகம் ஏறி இறங்குகிறார்கள்? துணி காயப்போட, வடகம் பிழிய, மிளகாய் உலர்த்த, டேங்க் நிரம்பிவிட்டதா பார்க்க, எல்லாம் நாங்கள்தான். எங்கள் பிளானில் வாஷிங் மெஷின் பின்பக்க யுட்டிலிட்டியில், படி முன்பக்கப் போர்டிகோவில். ஈரத் துணி வாளியோடு சமையலறை, ஹால், வாசல் எல்லாம் கடந்து போய் ஏற வேண்டும். என் மாமியார் பிளானை வாங்கிப் பார்த்துவிட்டு விரலாலேயே அந்த வழியைக் கோடு மாதிரி இழுத்துக் காட்டி, "இந்தத் தண்ணி சொட்டச் சொட்ட ஹாலை யாரு தொடைக்கறது?" என்று கேட்டார். இன்ஜினியர் பதில் பேசவில்லை. படி யுட்டிலிட்டி ஓரத்துக்கு வந்தது.

படியை வெளியே வைப்பதா உள்ளே வைப்பதா என்று எங்கள் வீட்டில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. மாடியை வாடகைக்கு விடுவதென்றால் வெளியேதான், வேறு பேச்சே இல்லை. பிள்ளைகளுக்காகக் கட்டுவதென்றால் உள்ளே. இரண்டும் வேண்டுமென்றால் படி உள்ளே இருந்தாலும் சிட் அவுட்டிலிருந்து தனி வாசல் வைத்துக்கொள்ளலாம், ஹாலுக்குப் போகும் கதவைப் பிறகு அடைத்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படிச் செய்தோம்.

கீழ்த்தள பாத்ரூம் கதவை இரண்டேகால் அடி போட்டிருந்தார்கள், அதை 3 அடி ஆக்கச் சொன்னேன். மாமனாருக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனபோது வாக்கரோடு உள்ளே போக அதுதான் உதவியது. அடுப்பு அக்னி மூலையில்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. சிங்க் மட்டும் ஜன்னலுக்குக் கீழே வேண்டும், சுவரைப் பார்த்துக்கொண்டு பாத்திரம் தேய்க்க முடியாது.

மேஸ்திரி மகன், பாளையங்கோட்டை

அப்பா மேஸ்திரி, நான் சைட் இன்ஜினியர். பேப்பரில் 10க்கு 10 என்று எழுதினால் அது எங்கிருந்து எங்கே என்று முதலில் கேளுங்கள். 30 அடி வெளி அளவில் இரண்டு 9 அங்குலச் சுவர், நடுவில் ஒரு நாலரை அங்குலச் சுவர் போனால் உள்ளே மிஞ்சுவது 28 அடி ஒன்றரை அங்குலம், பூச்சு வேலை முடிந்தால் அதிலும் குறையும். மனையடி சாஸ்திரம் பார்க்கிறவர்கள் 10, 11, 16 என்று உள் அளவு கேட்பார்கள், 12ம் 14ம் ஆகாது என்பார்கள். பூசியபின் 10 அடி வர வேண்டுமென்றால் செங்கல் கட்டும்போதே ஓர் அங்குலம் கூட்டி வைக்க வேண்டும். எல்லாம் முடிந்து டேப் பிடித்து ஒன்பதே முக்கால் அடி என்று கண்டுபிடித்துச் சண்டைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்த 10 அடி அறையில் ஆறரை அடி நீளக் கட்டில், கால்மாட்டில் 2 அடி ஆழ வார்ட்ரோப் என்று வையுங்கள். மிச்சம் ஒன்றரை அடி. வார்ட்ரோப் கதவு முழுசாகத் திறக்காது, ஆள் பக்கவாட்டில்தான் நகரணும். இதை வாயால் சொன்னால் யாருக்கும் உறைப்பதில்லை. அப்பா காலத்திலிருந்து நாங்கள் செய்வது, மனையில் சுண்ணாம்புப் பொடியால் முழு வீட்டையும் நிஜ அளவில் கோடு போட்டுக் குடும்பத்தையே உள்ளே நடக்க விடுவது. கோட்டுக்குள் நின்றால் எல்லாருக்கும் வீடு சின்னதாகத்தான் தெரியும், அதற்குப் பயந்து அளவை ஏற்றாதீர்கள், சுவர் எழும்பினால் சரியாகிவிடும். கட்டில் இடத்தில் பாயை விரித்து, வார்ட்ரோப் இடத்தில் செங்கல் அடுக்கிப் பாருங்கள்.

பிற்பாடு மாடி எடுப்பேன் என்றால் அதை இப்போதே சொல்லிவிடுங்கள், அஸ்திவாரமும் பில்லரும் அதற்குத்தான் போடணும். மேல்தள பாத்ரூம் கீழ் பாத்ரூமுக்கு நேர் மேலேயே வரட்டும். பெட்ரூமுக்கு மேலே பாத்ரூம் போட்டு, பிறகு சீலிங்கில் பூஞ்சை பிடித்த வீடுகள் நிறைய பார்த்தாயிற்று.

வேலூர் வெயில்

மேல் தளத்தில் மேற்குப் பக்கம் பெட்ரூம் வைக்காதீர்கள், அவ்வளவுதான். நாள் முழுக்கச் சூடு வாங்கிய ஸ்லாப்பும் மேற்குச் சுவரும் சேர்ந்து ராத்திரி 11 மணிக்கும் அனலைக் கக்கும். அந்தப் பக்கம் படி, பாத்ரூம், பரண் என்று தள்ளிவிட்டுத் தூங்குகிற அறையைக் கிழக்கே கொண்டு வாருங்கள். மாடியில் வெள்ளை கூலிங் டைல்ஸ் போட்டால் வித்தியாசம் தெரிகிறது, ஆனால் மழை பெய்தால் வழுக்கும்.

புதுசாக் கட்டுறேன், தஞ்சாவூர்

படித்துவிட்டு என் பிளானை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் (2500 சதுர அடி மனை, 3500 சதுர அடி கட்டிடம் வரைக்கும்) ஆன்லைனில் உடனே அனுமதி கிடைக்கும் என்பதால் இன்ஜினியர் இந்த வாரமே ஏற்றிவிடலாம் என்கிறார். மேஸ்திரி மகன் சார், ஏற்றுவதற்கு முன்னால் மாடிப் படத்தில் வேறு என்ன பார்க்கணும்?

மேஸ்திரி மகன், பாளையங்கோட்டை

அவசரப்படாதீங்க சார், அனுமதி சீக்கிரம் கிடைத்தால் பிளானும் சீக்கிரம் முடிந்ததாக ஆகாது. ஏற்றின படமும் கட்டுகிற வீடும் ஒன்றாக இருக்கணும். மாடிப் படத்தில் மூன்று பாருங்கள். கைப்பிடிச் சுவர் மூன்றரை அடி இருக்கிறதா, வாட்டம் எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டிருக்கிறதா, ஹெட்ரூம் கதவின் நிலைப்படி சுருக்கியும் அதன் மேல் ஒட்டுகிற தட்டோடும் (தட்டையான ஓடு) போட்டு முடித்த மட்டத்துக்கு மேலே 6 அங்குலமாவது தூக்கி இருக்கிறதா. கடைசியாகச் சொன்னதைப் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள், ஸ்லாப் மட்டத்திலிருந்து 6 அங்குலம் வைத்துவிட்டு மேலே 5 அங்குலம் சுருக்கி ஏற்றுவார்கள், குழாய் அடைத்த அன்றைக்கு மாடித் தண்ணீர் படி வழியாக நேராக ஹாலுக்கு வரும். அப்புறம் கதவு மாடிப் பக்கம் திறக்கிற மாதிரி போடுங்கள், உள்பக்கம் திறந்தால் படியில் ஏறி வருகிற ஆள் மேல் இடிக்கும்.