பழைய டிவி கேம் கொன்ட்ரோலரை வயர் இல்லாமல் இயக்கலாமா?

உப்புவெளியான்:
அனைவருக்கும் வணக்கம். 90களின் இறுதியில் அப்பா கொழும்பிலிருந்து வாங்கி வந்த டிவி கேம் ஒன்று, அதாவது நின்டெண்டோவின் ஃபமிகொம் கேம் பெட்டியின் நகல், எங்கள் வீட்டில் இன்னமும் வேலை செய்கிறது. கடல் கூப்பிடு தூரத்தில் இருப்பதால், உப்புக்காற்று கொன்ட்ரோலர் வயரைத்தான் முதலில் தின்றது. உறையைச் சீவிப் பார்த்தால் செம்பு முழுவதும் பச்சைக் களிம்பு. புது வயர் போடுவதை விட்டு, உள்ளே புளூடூத் பொருத்திக் கணினியிலும், முடிந்தால் அந்தப் பழைய பெட்டியிலும் விளையாட விரும்புகிறேன். பற்றாசு பிடிக்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. உள்ளிருக்கும் பலகையை எறிந்துவிட வேண்டுமா?

பற்றாசுக்காரன்:
எறிய வேண்டாம், தம்பி. அதற்கு வேண்டியவை ஐந்தே இணைப்புகள்: மின்சாரம், தரை, லாட்ச், கிளாக், டேட்டா. 1983இல் வெளிவந்த மூல ஃபமிகொமின் கொன்ட்ரோலரில் 4021 என்னும் 8 பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் இருக்கிறது. லாட்சில் துடிப்பு வந்ததும் எட்டுப் பொத்தான்களின் நிலையையும் அது பிடித்து வைத்துக்கொண்டு, ஏ, பி, செலெக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம் என்ற வரிசையில், ஒவ்வொரு கிளாக் துடிப்புக்கும் ஒன்றாக வெளியே தள்ளும். அழுத்திய பொத்தான் 0 ஆக வரும். டிவி கேம் பெட்டி செய்த இந்த விசாரணையை இனி ஈஎஸ்பி32 என்னும் புளூடூத் உள்ள சிறு கணினிப் பலகை செய்து, விடையைப் புளூடூத் வழியாகக் கணினிக்கு அனுப்பும்.

4021 ஐசி 3 வோல்ற்றிலேயே இயங்கும் என்பதால், ஈஎஸ்பி32இன் 3.3 வோல்ற் அதற்குப் போதும். உங்களுடையதில் ஐசிக்குப் பதிலாக, சில்லை மூடிய கறுப்புப் பிசின் பொட்டு ஒன்றுதான் இருக்கக்கூடும், அதை 3.3 வோல்ற்றில் சோதித்த பின்னரே மற்ற வேலையைத் தொடங்குங்கள். அது ஒத்துவராவிட்டால், செப்புத் தடங்களை வெட்டிப் பொட்டைப் பிரித்துவிட்டு, ஒவ்வொரு பொத்தானையும் ஈஎஸ்பி32இன் காலுக்கு நேரடியாக இணைக்கலாம். ஆனால் 34 முதல் 39 வரையான கால்களில் உள் புல்-அப், அதாவது பொத்தான் அழுத்தாதபோது காலை 1 இல் நிறுத்தி வைக்கும் தடை, கிடையாது. அது தெரியாமல் நான் இரண்டு பொத்தான்களை அங்கே கொடுத்துவிட, யாரும் தொடாமலே ஆட்டக்காரன் பேய் பிடித்தவன் போல் குதித்துக்கொண்டிருந்தான்.

மட்டிக்களி வாசி:
அண்ணா சொன்னது சரி. ஆனால் இந்த வேலையில் பலரைக் கவிழ்ப்பது பற்றரிதான். சந்தையில் கிடைக்கும் டிபி4056 சார்ஜிங் பலகைகள் பெரும்பாலும் 1.2 கிலோ ஓம் தடையுடன் வருவதால் 1 அம்பியரைத் தள்ளும். கொன்ட்ரோலருக்குள் அடங்கும் 500 மில்லியம்பியர் மணி லித்தியம் பற்றரிக்கு அது அதிகம். அந்தத் தடையைக் கழற்றி 5 கிலோ ஓம் போட்டால் ஏறத்தாழ 250 மில்லியம்பியராகக் குறையும்; அரிசி மணியிலும் சிறிய துண்டு என்பதால் கண்ணாடி தேவைப்படும்.

அடுத்தது வோல்ற்றளவு. பல ஈஎஸ்பி32 பலகைகளில் வோல்ற்றைக் குறைத்துச் சீராக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேற்றர், தனக்கென ஒரு வோல்ற்றுக்கு அருகில் எடுத்துக்கொள்ளும். 3.7 வோல்ற் பற்றரியில் மிஞ்சுவது போதாமல், புளூடூத் அனுப்பத் தொடங்கும் கணத்தில் பலகை அணைந்து மீண்டும் எழும். எம்இ6211 போன்ற குறைந்த இழப்புள்ள ரெகுலேற்றரைப் போடுங்கள். திருகோணமலையில் கிடைக்காவிட்டால், கொழும்பு முதலாம் குறுக்குத்தெருவில் கேட்டுப் பாருங்கள்.

பற்றாசுக்காரன்:
பழைய பெட்டிக்கு: புளூடூத் கொன்ட்ரோலரின் சைகையைப் பெட்டிக்குப் புரியும்படி மாற்றும் புளூரெட்ரோ என்னும் திறந்த மூல மென்பொருளை இன்னொரு ஈஎஸ்பி32இல் ஏற்றி, கொன்ட்ரோலர் துளையில் பொருத்தலாம். அதற்குப் பழைய மூல ஈஎஸ்பி32தான் வேண்டும். ஈஎஸ்பி32இன் சி3, எஸ்3 வகைகளில் கிளாசிக் புளூடூத், அதாவது புளூடூத்தின் பழைய வகை, இல்லை. துளையிலிருந்தே 5 வோல்ற் கிடைப்பதால் அந்தப் பக்கத்துக்குப் பற்றரி தேவையில்லை. நகல் பெட்டிகளின் 9 கால் துளையில் எது எதுவென்று படத்தை நம்பாமல் மல்டிமீற்றரால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளியான்:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு திறந்தேன், கறுப்புப் பொட்டுத்தான். 3.3 வோல்ற்றில் ஏழு பொத்தான்கள் ஒழுங்காக வந்தன, ‘பி’ மட்டும் வரவில்லை. பொட்டின் குற்றமென்று நினைத்துத் தடத்தை வெட்டப் போனவன், கடைசி நேரத்தில் இறப்பரைத் தூக்கிப் பார்த்தேன்: அடியில் அதே பச்சைக் களிம்பு. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்ததும் ‘பி’யும் வந்துவிட்டது. இனிப் பற்றரிக்கு இடம் தேட வேண்டும்.