மீனா சித்தியின் பைரைட் பிரேஸ்லெட்

நம்ம வீட்டுக் கூட்டம் 🏡

மீனா சித்தி: 📷 போட்டோ

மீனா சித்தி: இப்பதான் கூரியர்ல வந்துச்சு. பைரைட் பிரேஸ்லெட். இடது கையில போட்டா காசு தங்குமாம்

ராஜி பெரியம்மா: தகதகன்னு இருக்கேடி! எவ்ளோ?

மீனா சித்தி: 899. ஒரு கல் ஃப்ரீ

செல்வம் பெரியப்பா: தங்குறது இருக்கட்டும், 899 கிளம்பிப் போயிருச்சே 😂

மீனா சித்தி: மாமா நீங்க சும்மா இருங்க

மலர்: சித்தி, அது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல். முட்டாள்களின் தங்கம்னே அதுக்கு ஒரு பேர் உண்டு 🙈

மீனா சித்தி: ஜியாலஜி படிக்கிற திமிரு

செல்வம் பெரியப்பா: கையில தூக்கினாலே தெரிஞ்சிரும்மா. தங்கம்னா அந்த சைசுக்குக் கை தொங்கும்

மலர்: கரெக்ட் பெரியப்பா. தங்கம் தண்ணியப் போல 19 மடங்கு கனம், இது 5 மடங்குதான். சுத்தியலால அடிச்சா தங்கம் தட்டையாகும், இது நொறுங்கிடும்

ராஜி பெரியம்மா: பைரைட்னா என்னடி அர்த்தம்?

மலர்: கிரேக்கத்துல பைர்னா நெருப்பு. இரும்புல தட்டினா பொறி பறக்கும். 16ஆம் நூற்றாண்டுல சில துப்பாக்கிகள்ல மருந்தைப் பத்த வைக்க இந்தக் கல்லைத்தான் வச்சாங்க

மீனா சித்தி: பாத்தீங்களா, பவர் இருக்கு. ராத்திரி தண்ணியில ஊறப்போட்டு காலையில வெறும் வயித்துல குடிக்கணும்னு சீட்டு வேற வச்சிருக்கான்

மலர்: ஐயோ குடிக்காதீங்க!!

மலர்: ஈரமும் காத்தும் பட்டா இதுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா கந்தக அமிலம் வரும். சில கல்லுல ஆர்சனிக்கும் இருக்கும். ஸ்பெயின்ல ரியோ டின்டோன்னு ஒரு ஆறு, இந்தக் கல் நிறைஞ்ச பாறை வழியா வர்றதால தண்ணி செக்கச்செவேல்னு ஓடுது. எலுமிச்சம்பழச் சாறு அளவுக்குப் புளிப்பு

மீனா சித்தி: சொம்புல போட்டுட்டேனே

ராஜி பெரியம்மா: கீழ ஊத்துடி முதல்ல!

மீனா சித்தி: ஊத்திட்டேன். செடிக்குக் கூட ஊத்தல

செல்வம் பெரியப்பா: அந்த ஃப்ரீ கல்லைக் கொண்டா, பட்டறையில உரசிப் பாத்துருவோம்

மலர்: வேண்டாம் பெரியப்பா, உரைகல் வீணாகும். சித்தி, மாடியில மிச்சம் கிடக்குற டைல்ஸோட பின்பக்கம், பாலிஷ் இல்லாத பக்கம், அழுத்தி ஒரு கோடு போடுங்க

மீனா சித்தி: 📷 போட்டோ

மீனா சித்தி: கறுப்பா வருது. லேசா பச்சை. மோந்து பாத்தா தீபாவளி மறுநாள் தெரு வாசனை

மலர்: அது கந்தகம். தங்கமா இருந்தா கோடும் மஞ்சளாத்தான் விழும். ஆனா அமெரிக்காவுல நெவாடா பக்கம் கார்லின்ல, இதே கல்லுக்குள்ள கண்ணுக்கே தெரியாத தங்கம் இருக்கு. பாறையை அரைச்சுதான் எடுக்குறாங்க

ராஜி பெரியம்மா: அப்ப மீனா கல்லுலயும் இருக்குமோ?

செல்வம் பெரியப்பா: ஆரம்பிச்சுட்டா

மீனா சித்தி: மலரு, ஆக கல்லு ஒரிஜினல்தானே?

மலர்: ஃப்ரீ கல் ஒரிஜினல் பைரைட்தான் சித்தி. பிரேஸ்லெட் மணிதான் சந்தேகம், கலர் முலாம் பூசினதும் வருது

மீனா சித்தி: காசு குடுத்தது டூப்பு, சும்மா வந்தது அசலா 😤

ராஜி பெரியம்மா: அந்த ஃப்ரீ கல்லை எனக்குக் குடு. ஷோகேஸ்ல வைக்கிறேன், தண்ணி பக்கமே கொண்டு போக மாட்டேன்