அப்டேட்: அம்மாவோட மணிக்கட்டு, மாவுக்கட்டு பிரிச்சாச்சு

அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சுது, மாவுக்கட்டு போதுமா, ஆபரேஷன் பண்ணி பிளேட் வைக்கணுமான்னு கேட்டிருந்தேன்ல, எலும்பு பெருசா விலகலன்னு டாக்டர் மாவுக்கட்டுதான் போட்டார், நேத்து பிரிச்சாச்சு. புத்தூர் கட்டு சொன்னவங்களுக்கும் நன்றி, போகல. எக்ஸ்ரேல கோடு லேசா தெரியுதேன்னு பயந்தோம், 6 வாரத்துல கூடிடும் ஆனா பழைய வலு வர மாசக்கணக்காகும், இது நார்மல்னார். இப்ப தொல்லை கை விறைச்சுப்போனதுதான், தோசைகூட திருப்ப முடியல. கட்டு இருக்கும்போதே விரல், தோள்பட்டைய அசைக்கச் சொன்னது இதுக்குத்தான், அம்மா எங்க கேட்டாங்க!! பிசியோ ஆரம்பிச்சாச்சு. இன்னொன்னு, மாதவிடாய் நின்னவங்களுக்கு சும்மா வழுக்கி விழுந்தே மணிக்கட்டு உடைஞ்சா ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு அடர்த்தி குறைஞ்சு பலவீனமாகுறது) இருக்கான்னு பாக்கணுமாம், எலும்பு அடர்த்திய அளக்குற டெக்ஸா ஸ்கேன் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார், அடுத்த வாரம் எடுக்கணும்.