பீம்என்ஜி (வண்டி ஓட்டற கம்ப்யூட்டர் கேம்) ஹாப்பர் ஜீப்பு: பாறை மேட்டுல சக்கரம் சும்மா சுத்துதுங்க

பொள்ளாச்சி மேட்டுக்காட்டான்: ஏனுங்க, ஹாப்பரோட பைனல் டிரைவை (ஆக்சில்ல இருக்கற பல்சக்கர விகிதம்) 3.73-ல இருந்து 4.56 ஆக்கிப்போட்டேன். அப்பவும் முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு குறுக்கால தூக்குச்சுன்னா அந்த ரெண்டும் விர்ருனு சுத்துது, வண்டி நகர மாட்டேங்குது. ஆனைமலைப் பக்கம் தோட்டத்து ஜீப்புல அப்புச்சி மடியில உக்காந்து போனவன் நான். அந்த ஏத்தம் இதுலயும் வரோணுங்க.

பெருந்துறை உழவன்: தம்பி, ரேஷியோல இழுவை 22 சதவீதம் கூடும், அவ்வளவுதான். ஓபன் டிஃப் (ஆக்சில்ல ரெண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரிச்சு விடற, பூட்டாத பல்சக்கர அமைப்பு) ரெண்டு பக்கமும் ஒரே டார்க்தான், அதாவது ஒரே சுத்து விசைதான் குடுக்கும். அந்தரத்துல நிக்கிற சக்கரத்துக்குப் போறது சைபர்னா, தரையில இருக்கறதுக்கும் சைபர்தான். சேத்துழவுல டிராக்டர் ஒருபக்கம் சுத்துனா டிஃப் லாக் பெடலை மிதிக்கறமில்ல, அதேதான் இங்கயும். பின் ஆக்சிலோட ஜேபீம் கோப்புல (கேம்ல வண்டி பாகங்களை எழுதி வெச்சிருக்கற கோப்பு) ஓபனை லாக்டு ஆக்குங்கோ.

கோபி வாய்க்காமேடு: மூலக் கோப்புல கை வெக்காதீங்க. மாட்ஸ் போல்டருக்குள்ள இருக்கற அன்பேக்டு போல்டர்ல நகல் போட்டு மாத்துங்க. முன் ஆக்சிலை லாக் பண்ணீங்கன்னா வண்டி லேசுல திரும்பாது.

பொள்ளாச்சி மேட்டுக்காட்டான்: அண்ணா, பின்னால மட்டும் லாக், லோ ரேஞ்ச் (மெதுவா, இழுவை கூடுதலா குடுக்கற கியர்) போட்டேன். அதே பாறைல மெதுவா, நின்னு நிதானமா ஏறிப்போச்சுங்க! தார் ரோட்டுத் திருப்பத்துலதான் பின் டயர் கீச்சுனு கத்துது.

பெருந்துறை உழவன்: கத்தத்தான் செய்யும். லாக் பண்ணுனா திருப்பத்துலயும் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் ஒரே வேகத்துலதான் சுத்தோணும். ரோட்டுக்கு ஓபனையே வெச்சுக்கங்க.