நாட்களை எண்ணப் போய்…

49 வயது முடிந்த அன்று ஒரு கணக்குப் போட்டேன். வேதாகமத்தின் 90-ஆம் சங்கீதத்தில் “எழுபது வருஷம், பெலத்தின் மிகுதியால் எண்பது” என்று வருகிறதே, அதில் 70-ஐ எடுத்துக்கொண்டேன். ஏறக்குறைய 25,567 நாட்கள். எக்செல்லில் நாளுக்கு ஒரு கட்டம் போட்டு, போன நாட்களுக்குச் சாம்பல் நிறம் கொடுத்தேன். திரை முழுக்கச் சாம்பல்தான். கீழே போய்ப் பார்த்தால் கொஞ்சம் வெள்ளை.

முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. அதிகாலை எழுந்து ஜெபித்தேன், போனைத் தூர வைத்தேன், தள்ளிப்போட்ட வேலைகளை முடித்தேன். அப்புறம் நேரத்தில் கருமியாகிவிட்டேன். மகள் பள்ளிக் கதை சொல்ல வந்தால் கண் கடிகாரத்துக்குப் போகும். சபையில் யாராவது நின்று பேசினால் உள்ளுக்குள் எரிச்சல். இதற்கு நான் வைத்திருந்த பெயர், “காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்வது”!

ஒரு நாள் அம்மா போன் செய்தார். அவருக்கு இப்போது ஞாபகம் தப்புகிறது. நான் பிறந்த அன்று பெய்த மழையைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தார். “அம்மா, இதைப் போன வாரமே சொல்லிட்டீங்க, எனக்கு வேலை இருக்கு” என்றேன். சற்று நேரம் சத்தமே இல்லை. “சரிப்பா. உனக்கு நேரமில்லைன்னு தெரியும். எனக்கும் அதிகமா இல்லைல்ல?” என்று வைத்துவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று இரவு அந்தக் கட்டத்துக்கு நிறம் பூசக் கை வரவில்லை. சங்கீதத்தைத் திரும்ப எடுத்தேன். அது இஸ்ரவேலரை எகிப்திலிருந்து நடத்திவந்த மோசேயின் ஜெபம். எண்ணாகமத்தின் முதல் அதிகாரத்தில் அவர் எண்ணிய யுத்தத்துக்குரிய ஆண்கள் மட்டும் 6,03,550 பேர். அவர்களில் காலேபும் யோசுவாவும் தவிர எல்லாரும் 40 வருஷத்துக்குள் வனாந்தரத்திலேயே விழுந்துபோனார்கள். வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 40 பேருக்கு மேல். (பழக்கதோஷம், இதையும் எக்செல்லில்தான் வகுத்தேன்.) எண்ணுவதிலும் புதைப்பதிலும் மோசேக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்தான் “எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்” என்று கேட்கிறார், அதுவும் “ஞான இருதயமுள்ளவர்களாகும்படி”. எனக்குக் கணக்கு மட்டும் வந்திருந்தது.

அந்தக் கோப்பை இன்னும் அழிக்கவில்லை, ஆனால் திறப்பதில்லை. புதன்கிழமை அம்மாவைக் கூப்பிடுகிறேன். மழைக் கதை பல தடவை ஆகிவிட்டது. போன வாரம் அதில் புதிதாக ஒன்று வந்தது: அன்று அப்பா வாசலில் நனைந்துகொண்டே நின்று அழுதாராம்.

*

மேலே எழுதிய சகோதரருக்கு. நான் செவிலியர். குணமாக்க முடியாதவர்களுக்கு வலியைக் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் வார்டில் 11 வருஷமாக இரவுப் பணி. அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார், நல்ல விசுவாசி. சில வாரங்கள்தான் என்று அவருக்கே தெரியும். ஒரு நாள் என்னிடம் பேனாவும் தாளும் கேட்டார். கடிதம் எழுதப் போகிறார் என்று நினைத்தேன். பார்த்தால், வார்டைத் துடைக்க வரும் அக்காவுக்குத் தன் பெயரை எழுதக் கற்றுக்கொடுக்கிறார்! ட்ரிப் ஏறாத கையால் அந்த அக்காவின் விரலைப் பிடித்து, ஒரு நாளைக்கு ஓர் எழுத்து.

“இப்ப எதுக்கு டீச்சர் இந்தச் சிரமம்?” என்றேன். ஏதாவது வசனம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “சும்மா படுத்துக் கிடக்கிறதுக்கு இது தேவலை” என்றார், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரவு 2 மணிக்கு அதே டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு பயமாக இருக்கிறது என்று அழுதிருக்கிறார். விசுவாசம் இருந்தால் பயமே வராது என்று யாரும் இங்கே எழுதிவிட வேண்டாம்.

*

அந்தக் கடைசி வரிக்கு நன்றி. 16 வயதில் ஒரு முகாமில் “உன் ஆத்துமா உன்னிடத்திலிருந்து இந்த இராத்திரியிலே எடுத்துக்கொள்ளப்படும்” என்ற வசனத்தை வைத்தே எங்களைப் பயமுறுத்தினார்கள். 2 வருஷம் விளக்கை அணைத்துத் தூங்க முடியவில்லை. லூக்கா 12-ஐ நிதானமாக வாசித்தது 30 வயதுக்கு மேல்தான். அந்த வசனம் வருவது இயேசு சொன்ன ஓர் உவமையில். அதில் விளைச்சலைச் சேர்த்துவைக்கப் பெரிய களஞ்சியம் கட்ட நினைக்கும் ஐசுவரியவான் யாரிடமும் பேசுவதில்லை, கவனித்தீர்களா? யோசிப்பது தனக்குள்ளே, பேசுவது தன் ஆத்துமாவோடே. அத்தனை தானியம் விளைந்தும் அந்தக் கதைக்குள் இன்னொரு மனுஷன் கிடையாது. சாவைவிட அதுதான் எனக்கு இப்போது உறுத்துகிறது.

*

எக்செல் சகோதரர்தான். சகோதரி, அந்த அக்கா எழுதக் கற்றுக்கொண்டாரா?

*

டீச்சர் இருந்தவரை மூன்று எழுத்து. மீதி இரண்டை நான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது வருகைப் பதிவேட்டில் அவர் கைநாட்டு வைப்பதில்லை. முதல் மூன்றும் அழகாக இருக்கும். நான் சொல்லிக்கொடுத்த இரண்டும் கொஞ்சம் கோணல்.