வசந்த வளையம் செய்யப் போய் சுள்ளியும் ஒடிகிறது, அம்மாவும் திட்டுகிறார்

ஈரோட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் கென்ட் பக்கம் இருக்கிறேன், வந்து 3 வருடம் ஆகிறது. மார்ச் பிறந்ததும் எங்கள் தெருவில் பாதி வீட்டுக் கதவில் வளையம் தொங்க ஆரம்பித்துவிட்டது, கிறிஸ்துமஸுக்கு மாட்டுவார்களே அதே மாதிரிதான், ஆனால் இதில் டாஃபடில் பூ, பச்சை இலை, சில வீட்டில் பிளாஸ்டிக் முட்டைகூட. எனக்கும் ஆசை வந்துவிட்டது. கடையில் வாங்காமல் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒற்றையடிப் பாதையில் கிடைப்பதை வைத்தே செய்யலாம் என்று போன ஞாயிறு ஒரு பை நிறையச் சுள்ளி பொறுக்கிக்கொண்டு வந்தேன். வளைத்தால் படபடவென்று ஒடிகிறது. கடைசியில் அட்டையை வட்டமாக வெட்டி அதன்மேல் பாசியைப் பசை போட்டு ஒட்டினேன், மறுநாள் காலை பாசி மொத்தமும் கால்மிதியில் கிடந்தது.

இது பாதிதான். ஊரிலிருந்து வந்திருக்கிற அம்மா நான் என்ன செய்கிறேன் என்று தெரிந்ததும், "ஏண்டி, யாரு போய்ட்டாங்கன்னு வாசல்ல மலர்வளையம் வைக்கிற?" என்று ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை. அவர் சொல்வதும் சரிதானே, நம்மூரில் மலர்வளையம் வேறு எதற்கு வாங்குகிறோம்?

சித்திரை ஒன்றுக்குள் கதவில் ஏதாவது தொங்க வேண்டும். எந்தச் செடி, எப்படி வளைப்பது, காட்டில் பறித்தால் யாராவது பிடிப்பார்களா? எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

சரே தோட்டக்காரன்:

கீழே விழுந்து கிடக்கிற சுள்ளி அடுப்புக்குத்தான் ஆகும். உங்களுக்கு வேண்டியது உயிருள்ள, போன வருடம் வளர்ந்த நீளமான தளிர்க்குச்சி. ஓடைக்கரையில் வில்லோ மரம் இருக்கும், அதன் குச்சியைப் போல வளைவது எதுவும் இல்லை. குச்சியை மணிக்கட்டைச் சுற்றி வளைத்துப் பாருங்கள், ஒடியாமல் சுற்றி வந்தால் எடுங்கள். கென்டில் சுண்ணாம்பு மண் நிறைய, அதனால் ஓல்ட் மேன்ஸ் பியர்ட் என்ற காட்டுக்கொடியும் கிடைக்கும், பழைய வேலிகளில் நரைத்த தாடி மாதிரி பஞ்சு தொங்கினால் அதுதான். ஐவியின் நீளக் கொடியையும் இலை உருவிவிட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் இந்த இரண்டின் சாறும் சிலருக்குக் கையில் அரிப்பைக் கிளப்பும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வளைப்பது எப்படி என்றால், உங்கள் வீட்டில் பானைக்கு அடியில் வைக்கிற பிரிமணை பார்த்திருப்பீர்களே, அப்படியே. 30 செ.மீ. வளையத்துக்குச் சுற்றளவு ஏறக்குறைய 94 செ.மீ. வரும், ஆகவே குச்சி ஒன்றே கால் மீட்டராவது இருந்தால் முனையைச் செருக இடம் கிடைக்கும். முதல் குச்சியை வட்டமாக்கி முனையைத் தன்மேலேயே இரண்டு சுற்று சுற்றுங்கள். இரண்டாவதன் தடித்த முனையை இடுக்கில் செருகி, முதல் குச்சியைச் சுற்றி முறுக்கிக்கொண்டே ஒரே திசையில் போங்கள். அடுத்தது வேறொரு இடத்தில் ஆரம்பிக்க வேண்டும், எல்லா முனையும் ஒரே இடத்தில் வந்தால் அங்கே கழலை மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். 5 அல்லது 6 குச்சியில் கெட்டியாகிவிடும், கம்பி வேண்டாம், பசை வேண்டவே வேண்டாம். காயும்போது குச்சி சுருங்கித் தளரும், அதனால் முதலிலேயே இறுக்கமாக முறுக்குங்கள்.

அலங்காரத்துக்கு மூன்று நான்கு சிறு கொத்துகளை நூலால் கட்டி, ஒன்றின் காம்பை அடுத்ததன் இலை மூடுகிற மாதிரி வைத்துக்கொண்டே போங்கள், கூரை வேய்வது போல. முழு வட்டத்தையும் நிரப்பாதீர்கள், கீழே ஒரு பக்கம் மட்டும் போதும், குச்சி தெரிந்தால்தான் அழகு. இது என் ரசனை, சண்டைக்கு வராதீர்கள்.

வடிவு அக்கா, லண்டன்:

தங்கச்சி, நான் இங்கே வந்து கனகாலம், ஆரம்பத்தில் எனக்கும் இதே பயம். இங்கிலாந்தில் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி தானாக வளர்கிற காட்டுச்செடியிலிருந்து பூவோ இலையோ பழமோ சொந்தத் தேவைக்குப் பறித்தால் திருட்டாகாது, விற்கவென்று பறித்தால் ஆகும். மரக்கிளையை வெட்டுவது வேறு கதை, அதற்கு நிலத்துக்காரரைக் கேட்க வேணும். எந்தக் காட்டுச் செடியையும் நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமல் வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அது புளூபெல் என்கிற நீலக் காட்டுப்பூச் செடிக்கும் பொருந்தும். பூங்காவிலும் இயற்கைக் காப்பிடத்திலும் கை வைக்கவே கூடாது.

நான் செய்வது என்னவென்றால், தெருவில் யாராவது வேலி வெட்டிக் குவித்தால் போய்க் கேட்பேன். போன வருடம் ஒருவர் வில்லோவை வெட்டிப் போட்டிருந்தார், கேட்டதும் காரில் ஏற்றியும் தந்தார், தொல்லை விட்டது என்ற சந்தோஷம் அவருக்கு.

வில்லோவின் பூனைவால் மாதிரிப் பஞ்சுப் பூ வடிவாக இருக்கும், ஆனால் குளிர் முடிந்து வெளியே வருகிற தேனீக்கு அதுதான் முதல் சாப்பாடு, ஒரு மரத்தில் ஒன்றிரண்டு குச்சியோடு விட்டுவிடுங்கள். அதைத் தண்ணீரில் வைத்தால் மலர்ந்து மஞ்சள் தூள் கொட்டும், வெறுமனே காயவிட்டால் வெள்ளி நிறத்திலேயே நிற்கும். மார்ச்சிலிருந்து குருவிகள் வேலிக்குள் கூடு கட்டும் காலம், கிளையை விலக்கும் முன் உள்ளே எட்டிப் பாருங்கள். பாசியை விட்டுவிடுங்கள், அது திரும்ப வளர வருடக்கணக்கு ஆகும்.

ஓடைக்கரையில் குடை மாதிரிக் காய்ந்து நிற்கிற பெரிய விதைத் தண்டுகள் ஆசை காட்டும். தொடாதீர்கள். ஜயன்ட் ஹாக்வீடாக இருந்தால் அந்தச் செடியின் சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்துபோகும்.

பனிக்கரடி:

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள், வெள்ளைக்காரர்களுக்கும் இந்தப் பயம் உண்டு. ஹாதார்ன் என்ற முள்மரத்தின் பூவை வீட்டுக்குள் கொண்டுவந்தால் சாவு வரும் என்று இங்கே பழைய நம்பிக்கை. அந்தப் பூவில் ட்ரைமெத்தில் அமீன் இருக்கிறது, உடல் அழுகும்போது வருகிற அதே பொருள், அதனால் வாடை அப்படி. அது பெரும்பாலும் மே மாதம்தான் பூக்கும், உங்களுக்கு ஆபத்தில்லை. இப்போது இலை வருவதற்கு முன்னாலேயே வெள்ளையாகப் பூத்திருப்பது பெரும்பாலும் பிளாக்தார்ன். அதன் முள் குத்தினால் சீழ் பிடிக்கும், அனுபவம் பேசுகிறது.

கோபி கண்ணன்:

அக்கா, நானும் உங்க பக்கம்தான். போகியன்னிக்கு நம்ம வீட்டில் என்ன செய்வோம்? வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் காட்டிலும் வேலியிலும் பறித்துவந்து கொத்தாகக் கட்டிக் கூரையில் செருகுவோம், காப்புக் கட்டுவது. அதுவும் பொறுக்கின பூதானே, அதுவும் வாசலில்தானே. அம்மாவிடம் வளையம் என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள், காப்பு என்று சொல்லிப் பாருங்கள்.

ஈரோட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன மாதிரி பக்கத்துத் தெருவில் கேட்டதில் வில்லோ கிடைத்தது. முதல் வளையம் முட்டை வடிவத்தில் வந்தது, இரண்டாவதை அம்மா பிடுங்கி, "இப்படியா முறுக்குவாங்க" என்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து காலால் ஒரு முனையை மிதித்துக்கொண்டு பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். கோபி தம்பி, காப்பு என்று சொன்னதற்கு "காப்பு தைக்குத்தான், சித்திரைக்குத் தோரணம்" என்று பதில் வந்தது.

அப்புறம் எதிர்வீட்டு லாரல் வேலியைப் பார்த்து "மாவிலை மாதிரியே இருக்குடி" என்று போய் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தார், வாதுமை வாசம் அடிக்கிறதாம். எச்சரிக்கையாகத் தேடிப் பார்த்தேன், தின்றால் விஷம், தொங்கவிடலாம். அந்த வீட்டம்மாவிடம் கேட்டு 21 இலை பறித்து, காம்பை மடித்து ஈர்க்குச்சி குத்தி வளையத்தின் கீழ்ப்பாதியில் வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறோம். நேற்றுத் தபால்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனார். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி: எங்கள் கதவு தெற்கு பார்த்தது, மதியம் முழுக்க வெயில். இலை சித்திரை ஒன்று வரை தாங்குமா, இல்லை முந்தின நாள் மாற்ற வேண்டுமா?

சரே தோட்டக்காரன்:

தாங்காது. 13ஆம் தேதி சாயங்காலம் புது இலை குத்துங்கள், வளையம் அப்படியே இருக்கட்டும்.