சோம்புப் பூவில் அசுவினி, காய் பிடிக்கவில்லை

கோவையில் மொட்டை மாடித் தோட்டம். அக்டோபர் கடைசியில் சமையலறைச் சோம்பையே 12 அங்குலப் பையில் விதைத்தேன். பத்து நாளில் முளைத்து, இப்போது மூன்றரை அடி உயரம். தழையைக் கிள்ளி ரசத்தில் போட்டால் வாசனை அள்ளுகிறது; அதில் குறையில்லை.

பிரச்சினை பூவில்தான். மூன்று வாரமாக மஞ்சள் பூங்கொத்துகளின் அடியில் பச்சை அசுவினி (செடியின் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சி) அப்பிக் கிடக்கிறது. காம்பெல்லாம் பிசுபிசுப்பு, எறும்பு வரிசை வேறு. பிடித்த நாலு காயும் சுருங்கிச் சாவியாகிவிட்டன.

வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, காதி சோப்புக் கரைசலோடு மாலையில் மூன்று முறை அடித்தாயிற்று. தண்ணீரைப் பீய்ச்சினேன், மோசமான கொத்துகளை வெட்டினேன். நான்கே நாளில் திரும்பி வருகிறது. இப்போது அசுவினியைத் தின்னும் பொறிவண்டு இரண்டு தென்படுவதால் மருந்தடிக்க யோசனையாக இருக்கிறது.

தேனீயும் பொறிவண்டும் சாகாமல், பூத்திருக்கும் சோம்பில் அசுவினியை விரட்ட எதை, எந்த அளவில் அடிக்கலாம்?